பூனைக்குட்டி பெட்டியில் போகவில்லையா? போன இடத்தைப் பாருங்கள்

மாடிப்படிக்கு அடியில் கிடைத்ததோ, தெரிந்தவர் வீட்டுப் பூனை போட்டதோ, ஒரு குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. மூத்திரமும் மலமும் போக மணல் நிரப்பிப் பெட்டியும் வைத்தாயிற்று. குட்டியோ பீரோவுக்குப் பின்னால் ஒளிகிறது, மெத்தையில் போகிறது, ராத்திரியெல்லாம் கத்துகிறது. ஒவ்வொரு தொந்தரவையும் தனித்தனியாகக் கீழே எடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் எந்தத் தொந்தரவாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

வீட்டைச் சுருக்குங்கள்

மண்ணைத் தோண்டி, போய், மூடும் பழக்கம் பூனைக்குப் பிறவியிலேயே உண்டு. நாய்க்குட்டியை வெளியே கூட்டிப்போய்ப் பழக்குவதுபோல இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியில் போகாத குட்டிக்கு வேறு ஏதோ தடையாக இருக்கிறது: பெட்டி தூரத்தில் இருக்கிறது, விளிம்பு உயரம், மணல் காலுக்குப் பிடிக்கவில்லை, பயம், அல்லது உடம்பு சரியில்லை. இவற்றில் முதல் காரணத்தை ஒரே நாளில் தீர்த்துவிடலாம். முழு வீட்டையும் திறந்து விடாமல் ஒரே ஒரு சின்ன அறையில் குட்டியை வையுங்கள். இரண்டு மாதக் குட்டியின் எடை சுமார் ஒரு கிலோதான். அதற்கு இரண்டு படுக்கையறை வீடு என்பது ஒரு ஊர். அவசரம் வந்த நேரத்தில் ஹாலைத் தாண்டி, சோபாவைச் சுற்றி, பால்கனியில் இருக்கும் பெட்டியை அது தேடிப் போகாது.

அறையின் ஒரு மூலையில் பெட்டி, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், நடுவில் எங்காவது ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் எந்தப் பூனையும் போக விரும்பாது. அதனால் இடம் போதவில்லை என்று இரண்டையும் ஒட்டி வைக்காதீர்கள். பல நாள் தொடர்ந்து பெட்டியிலேயே போகிறது என்று உறுதியான பிறகு அடுத்த அறையைத் திறக்கலாம். அடுத்த அறையில் தவறு நடந்தால் மறுபடி கதவைச் சாத்துங்கள். இதைத் தண்டனை என்று நினைக்க வேண்டாம். சின்ன இடத்தில்தான் குட்டி நிம்மதியாக இருக்கும்.

காத்திருக்கக் கூடாதவை

அடிக்கடி பெட்டியில் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டுதான் வருகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை. முக்கும்போது கத்துகிறது. மூத்திரத்தில் ரத்தம். இப்படியென்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவர். மூத்திரம் அடைத்துக்கொள்வது வளர்ந்த ஆண் பூனைகளுக்குத்தான் அதிகம் என்றாலும், அடைத்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. பார்ப்பதற்கு மலச்சிக்கல் மாதிரியே இருக்கும் என்பதால் பலர் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்து நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல், எதையும் தொடாமல் சுருண்டு படுத்திருப்பது மூன்றும் சேர்ந்தால் பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளை இது வேகமாகக் கொல்லும். சின்னக் குட்டி அரை நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாலும் சும்மா விடக்கூடாது. உடம்பில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அங்கே மாடும் ஆடும்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள்.

வந்ததிலிருந்து ஒளிந்தே இருக்கிறது

இது தொந்தரவே இல்லை. தாயும் கூடப்பிறந்ததும் இல்லாத புது இடத்தில் ஒளிவதுதான் புத்திசாலித்தனம். கையை விட்டு இழுக்காதீர்கள். இழுத்தால் நாளை இன்னும் ஆழமாகப் போய் ஒளியும். கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் உள்ள சந்துகளைப் பழைய தலையணை வைத்து அடைத்துவிட்டு, அதற்குப் பதில் போர்வை மூடிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுங்கள். ஒளியட்டும், ஆனால் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் ஒளியட்டும்.

நீங்கள் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். கண்ணோடு கண் வைத்து உற்றுப் பார்த்தால் பூனைக்கு அது மிரட்டல். மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் அமைதியாகும். வீட்டுக் குழந்தைகள் கூட்டமாக வந்து எட்டிப் பார்ப்பதை முதல் சில நாட்கள் தடுத்துவிடுங்கள், கஷ்டம்தான். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கிண்ணம் காலியாகிறது, மணல் கலைந்திருக்கிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

எங்கேயும் போகவே இல்லை

முதலில் வயதைப் பாருங்கள். பல் முளைக்கவில்லை, காது இன்னும் சரியாக நிமிரவில்லை என்றால் அது மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டி. அந்த வயதில் தானாகப் போக வராது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். தாய் இல்லாத குட்டிக்கு, ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவிவிட வேண்டும். இவ்வளவு சின்னக் குட்டியைத் தெருவில் பார்த்தால் உடனே தூக்கிவிடாமல் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம்.

முன்பல் தெரிகிறது, தட்டுத்தடுமாறி நடக்கிறது என்றால் பெட்டி வைக்கும் வயது வந்துவிட்டது. முதல் நாள் புது இடத்துப் பயத்தில் அடக்கி வைப்பது சகஜம். மூத்திரம் போகிறது, மலம் மட்டும் இரண்டு நாளாக வரவில்லை, வயிறு கெட்டியாக இருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை உலர் தீனியை மட்டும் போடாமல், வேகவைத்த கோழிக்கறியை உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் அந்தத் தண்ணீரோடு பிசைந்து கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். குழம்பில் கிடக்கும் கறியைக் கழுவிப் போடுவதும் இதனால்தான் சரிப்படாது.

மெத்தையில், துவைக்கப் போட்ட துணியில் போகிறது

மெத்தென்று, காலால் பிறாண்டினால் விட்டுக்கொடுக்கும் இடத்தைக் குட்டி தேடுகிறது. அப்படியென்றால் உங்கள் பெட்டியில் உள்ளது அதன் பாதத்துக்குக் குத்துகிறது. கடையில் விற்கும் மரக்குச்சி போன்ற பெரிய உருண்டைகளும் சிலிக்கா கற்களும் சில குட்டிகளுக்கு ஆகாது. நைஸான மணலுக்கு மாற்றுங்கள்.

எந்த மணல் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வீடு கட்டும் இடத்தில் கொட்டிய மணல் குவியலைத் தெருப்பூனைகள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட தாயின் குட்டிக்கு மணல்தான் பழக்கம். சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த ஆற்று மணல் இரண்டு கைப்பிடி போதும், குட்டிக்குப் புரிந்துவிடும். ஆனால் குவியலில் இருந்தே அள்ளி வராதீர்கள், அதில் மற்ற பூனைகளின் குடற்புழு முட்டை இருக்கும். எம்-சாண்ட் என்றால் தூசி போகக் கழுவிக் காயவைக்காமல் போடக்கூடாது. மரத்தூள் இலவசமாகக் கிடைக்கிறது என்று சிலர் போடுவார்கள். மூக்கில் ஏறித் தும்மல் வரும், ஈரம் பட்டால் நாற்றமும் அதிகம். தேங்காய் நார்த்தூள் பரவாயில்லை, ஆனால் குட்டி வீடு முழுக்கப் பழுப்புத் தடம் போட்டுவிடும்.

கடை மணலில் ஈரம் பட்டால் கட்டியாகும் வகை இருக்கிறது. அள்ளிப் போட வசதி, நாற்றமும் குறைவு. பெரிய பூனைக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் இரண்டு மாதம் ஆகாத குட்டிக்கு வேண்டாம். அந்த வயதில் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். கட்டியாகும் மணலில் உள்ள பென்டோனைட் களிமண் தண்ணீரை உறிஞ்சி உப்பக்கூடியது, வயிற்றுக்குள் போனால் குடலை அடைக்கலாம். அதுவரை கட்டியாகாத மணல், அல்லது நாளிதழைக் கிழித்துப் போட்டாலே போதும்.

மணல் மாற்றியும் மெத்தையை விடவில்லை என்றால் படுக்கையறைக் கதவைச் சாத்துவதுதான் வழி. அது முடியாத வீட்டில் பகலில் மெத்தையைச் சுருட்டி வையுங்கள், அல்லது மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள்.

குளியலறையில் தண்ணீர் வெளியேறும் ஜாலியில், வெறும் தரை மூலையில் போகிறது

இது நேர் எதிர். வழவழப்பான, குளிர்ந்த தரை பிடித்துப் போய்விட்டது. மணலை ஒரு விரல்கடை அளவுக்குக் குறைத்து, பெட்டியின் அடித்தளம் ஒரு பக்கம் தெரியும்படி வையுங்கள். பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். எப்போதும் ஒரே மூலையில்தான் போகிறது என்றால் அந்த மூலையிலேயே பெட்டியை வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு அதைப் பின்னால் ஒரு நாளைக்கு ஓர் அடி என்று நகர்த்திக்கொள்ளலாம். ஒரேயடியாக நகர்த்தினால் பெட்டிதான் நகரும், குட்டி பழைய மூலைக்கே போகும்.

சிலர் ஜாலியில் போனால் கழுவிவிட வசதிதானே என்று விட்டுவிடுகிறார்கள். கதவு மூடியிருக்கும் நாளில் எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூத்திரத்தின் அளவும் நிறமும் உங்கள் கண்ணில் படாமல் போவதும் ஒரு குறை.

துளசித் தொட்டியைத் தோண்டுகிறது

பாட்டிகள் உள்ள வீட்டில் இதுதான் முதல் பெரிய சண்டையாக இருக்கும். குட்டியின் கணக்கில் அது இன்னொரு பெட்டி, அதுவும் உங்கள் பெட்டியைவிட நல்ல மண். தொட்டி மண்ணின் மேல் கூழாங்கல்லோ தேங்காய் ஓட்டுத் துண்டுகளோ பரப்பிவிட்டால் தோண்ட முடியாது. அதே மண்ணில் ஒரு பிடி எடுத்து வெயிலில் காயவைத்துப் பெட்டி மணலில் கலந்து பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே காரியம் முடிந்துவிடும். அந்துருண்டை, கற்பூரம், மிளகாய்த்தூள் எதையும் தூவி விரட்டாதீர்கள். முதல் இரண்டும் பூனைக்கு விஷம். மூன்றாவது காலில் ஒட்டிக் கண்ணுக்குப் போகும்.

பெட்டி வரை போகிறது, பக்கத்தில் போய்விடுகிறது

இடம் தெரிகிறது, உள்ளே ஏறத்தான் மனமில்லை. காரணங்கள்: விளிம்பு உயரம், உள்ளே அழுக்கு, பெட்டி சின்னது, அல்லது மூடி போட்ட பெட்டிக்குள் நாற்றம் தேங்கி நிற்கிறது. குட்டிக்கு மூன்று விரல் உயர விளிம்பு போதும். பழைய பிளாஸ்டிக் ட்ரே ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டால் அருமையான பெட்டி தயார். ஒரு நாளைக்கு இரண்டு முறை அள்ளுங்கள், வாரம் ஒரு முறை மொத்த மணலையும் மாற்றி, வாசனை இல்லாத சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதல் வாரம் மட்டும், கழுவிய பிறகு பழைய மணலில் ஒரு ஸ்பூன் திரும்பப் போட்டு வையுங்கள். அந்த வாசனைதான் குட்டிக்கு வழிகாட்டி.

மூத்திரத்துக்குப் பெட்டி, மலத்துக்குப் பக்கத்துத் தரை என்று பிரித்து வைத்துக்கொள்ளும் குட்டிகளும் உண்டு. சண்டை போடாமல் இரண்டாவது பெட்டி வைத்துவிடுங்கள். பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு பெட்டி கூடுதலாக வைப்பது பொதுவான வழக்கம். ஒரு குட்டிக்கு இரண்டு என்பது ஆடம்பரம் இல்லை.

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று நிறுத்திவிட்டது

உடம்பு சரியில்லையா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால், நிறுத்திய நாளுக்கு முன்னால் வீட்டில் என்ன மாறியது? புது பிராண்டு மணலா, வாசனை போட்ட வகையா, பெட்டிக்குப் பக்கத்தில் வாஷிங் மெஷின் வந்ததா? பெட்டியில் இருந்தபோது மெஷின் ஒரு தடவை ஸ்பின் போட்டு அதிர்ந்தால் போதும், அந்த இடமே ஆகாது என்று முடிவு கட்டிவிடும். தண்ணீர் மோட்டார், குக்கர் விசில், தீபாவளி வெடி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். அமைதியான இன்னொரு மூலையில் புதுப்பெட்டி வையுங்கள். மணல் மாற்ற வேண்டியிருந்தால் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்து, அது வழியில் உட்கார்ந்து குட்டியை மறிக்கிறதா என்றும் கவனியுங்கள். இது நாம் பார்க்காத நேரத்தில்தான் நடக்கும்.

மணலைத் தின்கிறது, பெட்டியிலேயே படுக்கிறது

ஓரிரு தடவை வாயில் வைத்துத் துப்புவது வேடிக்கை. தொடர்ந்து தின்றால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இல்லாமல் வெளுத்திருந்தால் ரத்தசோகை. நாட்டுக் குட்டிகளுக்குத் தெள்ளுப்பூச்சியும் குடற்புழுவுமே இதற்குப் பெரும்பாலும் காரணம். தெள்ளுக்கு நாய் மருந்தைப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையைக் கொல்லும். பெட்டியில் படுப்பது ஒளிய வேறு இடம் இல்லாததால்தான். அட்டைப்பெட்டி கொடுத்தால் மாறிவிடும். அப்படியும் மாறாமல் சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்ணியாகப் போகிறது

பசும்பாலை நிறுத்துங்கள். பூனை என்றால் பால் என்று காலங்காலமாகச் சொல்கிறோம், ஆனால் பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை. பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்தாலும் அதே கதைதான். தாயில்லாத குட்டிக்கு பெட் ஷாப்பில் பூனைக்குட்டிப் பால்பவுடர் கிடைக்கும். பால் நிறுத்தியும் நிற்கவில்லை என்றால் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடும் என்பதால், வீட்டை விட்டு இறங்காத குட்டிக்கும் இருக்கும். எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவுதான். மனிதர் மாத்திரையை உடைத்துப் போடுவது வேண்டாம். குறிப்பாக பாராசிட்டமால் ஒரு துண்டு கூடக் கூடாது, பூனைக்கு அது உயிரைக் குடிக்கும் விஷம்.

துடைத்தும் அதே இடத்துக்கே போகிறது

நமக்கு நாற்றம் போய்விட்டது, அதற்குப் போகவில்லை. பூனை மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. காய்ந்த பிறகு அடங்கியிருந்து, ஐப்பசி மழை ஈரத்தில் மறுபடி கிளம்பும். பழைய துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடையுங்கள். மார்பிள், கடப்பா, மொசைக் தரையில் வினிகர் வேண்டாம், பளபளப்பை அரித்துவிடும். அதற்கும் மெத்தைக்கும் பெட் ஷாப்பில் கிடைக்கும் என்சைம் கிளீனர்தான் சரி. தெளித்ததும் துடைக்காமல் ஊற விட்டால்தான் அது வேலை செய்யும். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போடுவதற்கு ஈடாக ஒன்றும் கிடையாது.

பினாயிலைத் தொடவே தொடாதீர்கள். கறுப்பு பினாயில், டெட்டால் போன்றவற்றில் உள்ள பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. துடைத்த தரையில் நடந்து, பிறகு காலை நக்கும்போது உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடரும் மூத்திரத்தின் மேல் நேராகப் போடக்கூடாது. அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு வரும், அது உங்களுக்கும் ஆபத்து.

மூக்கைப் பிடித்து அந்த இடத்தில் தேய்ப்பது, அடிப்பது, கத்துவது எல்லாம் குட்டிக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் இருக்கும்போது போகக் கூடாது. அப்புறம் நீங்கள் பார்க்காத இடமாகத் தேடிப் போய்ப் போகும். அதற்குப் பதில் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலும், விளையாடி முடித்ததும் தூக்கிப் போய்ப் பெட்டியில் விடுங்கள். காலைப் பிடித்துத் தோண்டிக் காட்ட வேண்டாம், பயந்துவிடும். விரலால் மணலைக் கிளறிச் சத்தம் காட்டினால் போதும்.

ராத்திரி கத்துகிறது, காலைக் கடிக்கிறது

பூனைக்குச் சுறுசுறுப்பு வரும் நேரம் அந்தியும் விடியலும். படுக்கப் போகும் முன் கயிற்றில் கட்டிய துணியை இழுத்து நன்றாக ஓடவிட்டு, அப்புறம் சாப்பாடு வைத்தால் தூங்கிவிடும். விளையாடிய கயிற்றை எடுத்து ஒளித்துவையுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். முதல் சில நாள் அழுவது தாயைத் தேடி. பழைய பருத்திப் புடவையும், துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலும் உதவும். கத்தினால் உடனே சாப்பாடு வைக்கிற பழக்கத்தை மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

தெருவில் இருந்து வந்த குட்டி கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். குட்டிதானே என்று விடக்கூடாது. குட்டிக்கு மற்றத் தடுப்பூசிகளை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்குவார்கள். ரேபிஸ் ஊசி பொதுவாக மூன்று மாதத்தில்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், குட்டியை விட்டுவிடச் சொல்கிறார்கள்

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிதான் பயத்துக்குக் காரணம். பூனையின் மலத்தில் வெளியே வரும் அதன் முட்டை, ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதனால் தினமும் வேறு ஒருவர் அள்ளிப் போட்டால் போதும், குட்டியை விரட்ட வேண்டாம். கர்ப்பிணி பெட்டியையும் தோட்ட மண்ணையும் வெறுங்கையால் தொடாமல் இருந்தால் சரி. அள்ளியதை நாளிதழில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கட்டியாகும் மணலைக் கழிப்பறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஐந்தாறு மாதம் ஆனதும் சுவரில் பீய்ச்சுகிறது

நின்றபடி, வாலை உயர்த்தி நடுக்கிக்கொண்டு, சுவரில் அடிக்கிறது என்றால் இது பெட்டிப் பிரச்சினையே இல்லை. பருவம் வந்துவிட்டது, எல்லை குறிக்கிறது. மணலை மாற்றிப் பயனில்லை. பெரும்பாலான ஆண் பூனைகளுக்குக் கருத்தடை அறுவை செய்த பிறகு இது நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். பழக்கமாக ஊறுவதற்கு முன்னால், ஐந்து மாதத்தை ஒட்டிச் செய்துவிடுவது நல்லது. பெண் குட்டிக்கும் அதே வயதுதான். நாலு மாதத்திலேயே மருத்துவரிடம் தேதி கேட்டு வையுங்கள்.